ஒம்பதாவது வரிசை, வலது மூலை

இன்னும் ஆறு வரிசை கெடக்கு. குறுக்க ஏழு கட்டம், மேலருந்து கீழ ஒம்பது வரிசை, கட்டத்துக்கு ஒரு நிமிசம்னு அந்தக் கேமராக்காரன் சுபின் சொன்னான், மூணு வரிசை முடிஞ்சாச்சு, அப்ப ஆறேழு நாப்பத்திரெண்டு. கஸ்பாரு மூணாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு வந்த ஆளு, ஆனா இந்தக் கணக்க மட்டும் உக்காந்த எடத்துலயே நாலு தடவ போட்டுட்டான். நாலு தடவயும் நாப்பத்திரெண்டுதான் வருது. ஒரு தடவையாவது தப்பா வந்து தொலைக்கக் கூடாதா. கோயில் கதவெல்லாம் சாத்தி, சன்னலுக்கெல்லாம் நீலத் தார்ப்பாய் கட்டி, ஃபேன் ஓடுனா கேமரா ஆடும்னு அதையும் நிப்பாட்டி, கூடுமுனை ஊரு மொத்தமும் அவிச்ச பனங்கெழங்கு கணக்கா பெஞ்சில உக்காந்திருக்கு. பீடத்துல இருந்த மாதா படத்த எறக்கி இரும்புச் சட்டத்துல நிறுத்தியிருக்காவ. நானூறு வருசத்துக்கு முன்ன இத்தாலியில வரைஞ்சு கப்பல்ல வந்த படம், துணியில்ல, பலகை. அதுக்கு முன்னால ஒரு தண்டவாளம், அதுல கேமரா நண்டு மாதிரி பக்கவாட்டுல நகந்து நகந்து நிக்கி. அது புடிக்கித ஒவ்வொரு கட்டமும் தவசுகாலத்துல பாடுகள் படம் போடுத அந்த வெள்ளத் திரையில போயி டப்புன்னு ஒட்டிக்கிடுது. கலரு கெடையாது, கறுப்பு வெள்ளதான். "மாதாவுக்கு எக்ஸ்ரே எடுக்காவளா?"ன்னு தொம்மை உபதேசியாரு கேட்டதுக்கு, மெட்ராசுல இருந்து வந்த யாமினி மேடம் சிரிச்சிட்டுச் சொன்னா, "எக்ஸ்ரே இல்லீங்க ஐயா, இது நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம். பெயிண்ட்டத் தாண்டி உள்ள போயிடும். அடியில கரியில, பென்சில்ல ஏதாவது இருந்தா பளிச்சுனு வந்துடும்." எல்லாரும் ஆகான்னாவ. கஸ்பாருக்கு மட்டும் அந்த பென்சில்ங்கித சொல்லு தூண்டி முள்ளு மாதிரி அடிவயித்துல போயி மாட்டிக்கிட்டுது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

ஏன்னா பென்சில் இருக்கு. அவன் எழுதுனதுதான். ஒம்பதாவது வரிசை, வலது மூலை, மாதாவோட நீல முக்காடு கீழ வந்து மடியுத எடம். தச்சன் காதுல சொருகுவானே பட்டையா, அந்தப் பென்சிலு. இருவத்திரெண்டு வருசம் முன்னால அடமழையில சுவத்துல ஊறுன தண்ணி அந்த மூலையில பெயிண்ட்ட உரிச்சிட்டுது, அப்ப இருந்த பர்னபாஸ் சாமி, நல்ல மனுசன், இப்ப மண்ணுக்குள்ள இருக்காரு, கஸ்பாரக் கூப்ட்டு, "ஏய், நீ போட்டுக்கு பெயிண்ட் அடிக்கவன்தான, பலகைதான இதுவும், பாத்து ஒட்டு போடு"ன்னாரு. அவனும் போட்டுல ஓட்ட அடைக்குத மக்கப் போட்டு, தேச்சு, வெள்ள அடிச்சு, நீல எனாமல் ரெண்டு கோட்டு குடுத்து நெரவிட்டான். இத்தாலிக்காரன் பாத்தா அழுதிருப்பான், ஆனா ஊரு மெச்சுச்சு. அந்த வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவுலதான் பென்சிலு. கஸ்பாருக்கு அது ஒரு பழக்கம். எந்தப் போட்ட எடுத்தாலும் மொத கோட்டுக்கு முன்ன வெறும் பலகையில போட்டு பேர எழுதிருவான், மேல பெயிண்டுல எழுதுதது வேற, அது ஊருக்கு, இது கட்டைக்கு. ஒரு தடவ கரையில ஒரு பலகை ஒதுங்கிச்சு, பெயிண்ட் ஒரு பொட்டு இல்ல, உப்பு தின்னுட்டுது, எந்தப் போட்டு, எந்த வீட்டு ஆளுன்னு தெரியாம நாலு ஊரு பொம்பளையளும் மாறி மாறி அத மடியில போட்டு அழுதாவ. அன்னைக்கு முடிவு பண்ணான், பெயிண்டு போனாலும் பேரு போகக் கூடாது. ஓனர்மாருக்கே தெரியாது. கூடுமுனையில ஓடுத எழுவது போட்டும் அவன் பென்சில வயித்துல வச்சுக்கிட்டுதான் ஓடுது. அந்தக் கைப்பழக்கத்துல மாதாவயும் ஒரு போட்டாக்கிட்டான் மடையன். அதுவும் வெறும் பேரோட நிறுத்துனானா? கீழ நாலு வார்த்த வேற. எழுத்து வேற சும்மாவா, கஸ்பாரு எழுத்துன்னா தூத்துக்குடி வரைக்கும் தெரியும், கொண்டை போட்ட மாதிரி அவன் போடுத சுழி ஒருத்தனுக்கும் வராது. கையெழுத்த மறைக்கலாம், மூஞ்சியவா மறைக்க முடியும்.

நாலாவது வரிசை ஆரம்பிச்சாச்சு. டப். மாதாவோட தோளு. அவன் அந்தப் பக்கம், பொம்பளைய பெஞ்சுப் பக்கம் கண்ண ஓட்டுனான். மூணாவது பெஞ்சு ஓரத்துல பிரிஜித்து. அவன் பொண்டாட்டி. முக்காடு போட்டிருக்கா, அவனுக்குத் தெரியுதது ஒரு காது, காதுல அந்தத் தேஞ்சுபோன கம்மல், கழுத்துல வேர்வை. நடுவுல ஆளு நடக்குத பாத, அத தாண்டி ஆம்பள போயி குசுகுசுன்னு பேச முடியுமா, பேசுனா நாளைக்கு ஊரே பேசும். காலையில வீட்டுல என்னென்னமோ சொல்லிப் பாத்தான். "நீ எதுக்கு வேகாத வெயில்ல, கருவாடு காயப் போட்டுக் கெடக்கு, காக்கா அள்ளிட்டுப் போயிரும்"ன்னான். "காக்காவும் கோயிலுக்குத்தான் வருது, ஊருல ஒரு உசுரு வீட்டுல இல்ல"ன்னா. "மூட்டுவலிக்காரி, ஒரு மணி நேரம் உக்காந்தா எந்திரிக்க மாட்ட"ன்னான். "தூக்கிவிட நீங்க இருக்கியல்லா"ன்னா. அவ அப்பிடித்தான், அவன் ஒண்ணு சொன்னா ஒண்ணு வச்சிருப்பா. கொஞ்ச முன்னக் கூட இங்கருந்தே கைய ஆட்டி, வாசலக் காட்டி, வயிறு வலிக்கித மாதிரி மூஞ்சிய வச்சுப் பாத்தான். அவ திரும்பிப் பாத்துட்டு, போயி மோர் குடிங்கன்னு கையாலயே சைகை காட்டிட்டுத் திரைக்குத் திரும்பிட்டா. ஊரயே சிரிக்க வச்சவனுக்கு இந்த ஒத்தப் பொம்பளைய எழுப்பிக் கூட்டிட்டுப் போக ஒரு பொய் வரல. பொய்க்கா பஞ்சம் அவன்கிட்ட. ஒரே ஒரு பொய் இருவத்திரெண்டு வருசமா எல்லாப் பொய்யையும் தின்னுட்டு உக்காந்திருக்கு, அதான்.

டப். கூட்டத்துல ஒரு சலசலப்பு. திரையில சேசு பாலனுக்கு கை மூணு. பீடத்துல பாத்தா ரெண்டு கைதான், ஒண்ணு கீழ தொங்கும், ஒண்ணுல மாதுளம்பழம். இங்க அந்தப் பழம் வச்சிருக்க கையிக்குப் பின்னால, புகை மாதிரி, இன்னொரு கை மேல போகுது, மாதா கழுத்தப் புடிக்கப் போகுது. "யாத்தே, மூணு கையா?"ன்னு ஒருத்தி. "நாலாவது கை இந்த வரிசை முடியதுக்குள்ள வந்துரும், பொறு"ன்னு யாரோ. வழக்கமா இந்த எடத்துல கஸ்பாரு குரல்தான் வரணும், எல்லாரும் அவனத் திரும்பிப் பாத்தாவ, இந்நேரம் ஒண்ணு விடுவான்னு. அவனும் வாயத் தொறந்தான். காத்துதான் வந்துச்சு. "என்னவே, இன்னைக்கு நாக்க வீட்டுல கழத்தி வச்சிட்டு வந்துட்டீரா?"ன்னு பக்கத்துல இருந்த தொம்மை உபதேசியாரு முழங்கையால இடிச்சாரு. யாமினி மேடம் குச்சிய வச்சுக் காட்டுனா. "இதத்தான் தேடி வந்தோம். ஓவியர் மொதல்ல குழந்தையோட கைய அம்மா கழுத்தப் புடிக்கிற மாதிரி வரைஞ்சிருக்காரு. அப்புறம் மனசு மாறி, கீழ எறக்கி, பழத்தக் குடுத்துட்டாரு. மேல பெயிண்ட் போட்டு மூடிட்டாரு. நானூறு வருசத்துல இத மொதல்ல பாக்கறது நீங்கதான்." உபதேசியாருக்கு வருத்தம். "அந்தக் கையே நல்லாருந்திச்சே, எதுக்கு மாத்துனான்?" "யாரு கண்டா ஐயா"ன்னா மேடம், "காரணம் படத்துல வராது. மாத்துனது மட்டும்தான் வரும்." கஸ்பாரு அந்தப் புகைக் கையவே பாத்துட்டு இருந்தான். சின்னக் கை. அஞ்சு வெரலும் விரிச்சு. அம்மாவப் புடிக்கப் போயி, எட்டுததுக்குள்ள ஒருத்தன் நீலத்தப் பூசி மூடிட்டான். பாவி. ஒனக்கு என்ன அவசரம். எட்டட்டும்னு விட்டிருக்கலாம்லா.

இவன் கையில அன்னைக்கு தண்ணி பாட்டில் இருந்துச்சு. அதான் ஆறல. பெரியாஸ்பத்திரி மாடியில, பிரசவ வார்டுக்கு வெளிய, பிரிஜித்துக்கு ஏழாம் மாசமே வலி எடுத்து, பிள்ள பொறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாவ. பிள்ள தப்பாதுன்னு டாக்டரம்மா மொதல்லயே சொல்லிட்டா, நல்லபடியாத்தான் சொன்னா, கையப் புடிச்சிட்டுச் சொன்னா. ஒண்ணேகால் மணி நேரம் இருந்திச்சு. ஒண்ணேகால் மணி நேரமும் கஸ்பாரு கையில ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், மூடி கூட தொறக்கல. ஒரு வா தண்ணிய எடுத்து தலையில ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சொல்லிப் பேரு வச்சிருந்தா முடிஞ்சுது, ஞானஸ்நானம். சாமியாரு வேண்டாம், கோயில் வேண்டாம், அவசரத்துக்கு யாரும் ஊத்தலாமாம், பொம்பள ஊத்தலாம், பெயிண்டர் ஊத்தலாம். அது அவனுக்குத் தெரியாது. ஆறு வருசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல ஒரு சாமி போற போக்குல சொல்லிட்டுப் போனாரு, ஊரு கொட்டாவி விட்டுக்கிட்டு கேட்டுச்சு, கஸ்பாரு எந்திரிச்சு வெளிய போயி வாந்தி எடுத்தான். அந்த ஒண்ணேகால் மணி நேரத்துல அவன் என்ன செஞ்சிட்டு இருந்தான்? வாச்மேன்கிட்ட பேசிட்டு இருந்தான். பயம் வந்தா அவனுக்குப் பேச்சு வந்துரும், அதுவும் சிரிப்புப் பேச்சு, வாச்மேன் வயித்தப் புடிச்சிட்டு சிரிச்சாரு. உள்ளருந்து நர்ஸ் வந்து தோளத் தொட்டப்ப பாதிச் சிரிப்புல இருந்தான். அந்தப் பாதிச் சிரிப்ப என்ன செய்யதுன்னு தெரியல. இன்னைக்கு வரைக்கும் தெரியல. பெறவு துண்டுல சுத்தி, ஓலப் பெட்டிக்குள்ள வச்சு, பஸ்ஸுல ஊருக்குக் கொண்டு வந்தான். கண்டக்டர் பெட்டியப் பாத்து, "என்ன மாப்ள, மீனா?"ன்னான். "ஆமாண்ணே, நெத்திலி"ன்னான் கஸ்பாரு. அப்பிடித்தான் சொன்னான். வாய் தானா சொல்லிச்சு. கண்டக்டர் சிரிச்சான். அந்த வாயத்தான் ஊரு பூரா நல்ல வாயி, கலகலப்பான வாயின்னுது.

டப். ஆறாவது வரிசை. மாதாவோட மடி. அடியில ஒண்ணுமில்ல, நல்ல சுத்தமான கோடு, இத்தாலிக்காரன் கை நடுங்காத ஆளு. மேடம் வேகமா என்னமோ எழுதிக்கிட்டா. பொய்யு அன்னைக்குச் சாயங்காலமே வந்துட்டுது. திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனப்ப பிரிஜித்துக்கு நெருப்பாக் கொதிக்குது காய்ச்சல், கண்ணு பாதி தொறந்து, "தண்ணி ஊத்துனாவளா, பேரு வச்சாவளா"ன்னு அதையே கேக்கா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு, ஊத்தலாம்னு. இவனுக்குத்தான் தெரியல. "ஊத்துனாவ, ஊத்துனாவ, சாமியாரே வந்து ஊத்துனாரு, மரியான்னு பேரு வச்சாரு, கல்லறைத் தோட்டத்துல உள்ளதான் வச்சிருக்கு"ன்னான். அவ மூஞ்சி அப்பிடியே எளகி, தூங்கிட்டா. அந்தத் தூக்கத்தப் பாத்தவன் எவனும் அந்தப் பொய்யத் திருப்பி வாங்க மாட்டான். ஆனா தோட்டத்துல குழி வெட்டுத மிக்கேல் விடலையே. "ஞானஸ்நானம் இல்லாததுக்கு உள்ள எடம் இல்ல கஸ்பாரு, என் அப்பன் காலத்துலருந்து அப்பிடித்தான், எனக்கென்ன ஆசயா"ன்னு அவரும் கண்ணத் தொடச்சிட்டு, தெக்குச் சுவருக்கு வெளிய, வேலிக்காத்தான் நெழல்ல, அவரே வெட்டிக் குடுத்தாரு. இப்ப இருக்க ரெக்ஸ் சாமி போன வருசம் இதே மாதிரி வேற ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மந்திரிக்க வந்தப்ப சொன்னாரு, "யாரு சொன்னா வெளியன்னு? சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டா உள்ளதான் வைக்கச் சொல்லுவாவ." ஒரு வார்த்த. பர்னபாஸ் சாமி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நூறு அடி. மிக்கேலும் கேக்கல, இவனும் கேக்கல, ரெண்டு மடையனும் சேந்து ஒரு பிள்ளைய வெளிய வச்சாவ.

பெறவு பிரிஜித்து நாப்பது நாளு கழிச்சு எந்திரிச்சு, எங்கன்னு கேட்டா. கேப்பாளா மாட்டாளா. அவன் முன்னாலயே தோட்டத்துக்குள்ள, சுவரோரம், சும்மா கெடந்த எடத்துல மணலக் குமிச்சு, ஒரு சின்ன மரச்சிலுவ செஞ்சு, போட்டு நீலம் அடிச்சு நட்டு வச்சிருந்தான். மரியான்னு எழுதி. அடியில ஒண்ணுமில்ல, நண்டு வள தவிர. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளு அவன் போயி அந்தச் சிலுவைக்குப் புதுசா பெயிண்டு அடிப்பான், மறுநாளு அவ போயி ரெண்டு மெழுகுவத்தி கொளுத்துவா. இருவத்திரெண்டு கோட்டு பெயிண்டு. நண்டுக்கு. தெக்குச் சுவருக்கு வெளிய ஒம்பது வருசத்துல ஐஸ் கம்பெனி வந்துட்டுது. கடக்கால் தோண்டுத அன்னைக்கு இவன் போயி ஓரமா நின்னான். ஒண்ணும் வரல, மணலு பூரா வாங்கிக்கிட்டுது. போர்டு எழுத இவனத்தான் கூப்ட்டாவ, நல்லா எழுதிக் குடுத்தான், பனிக்கட்டி மேல எழுத்து சொட்டுத மாதிரி, ஊரே பாராட்டுச்சு. இந்தா, இப்பக் கூட கேக்குது, கதவெல்லாம் சாத்தியும், கட்டி உடைக்கித மிசினு, கடக் கடக் கடக்குன்னு. அப்பதான், அந்த நாப்பதாம் நாளு வாக்குலதான், பர்னபாஸ் சாமி மாதா படத்துக்கு ஒட்டு போடக் கூப்ட்டது. திரை கட்டி, மூணு நாளு, உள்ள அவனும் மாதாவும் மட்டும். வெள்ள அடிச்சுக் காயப் போட்டுட்டு உக்காந்திருந்தான். காதுல பென்சிலு. உள்ளதான இது, இத விட உள்ள எது இருக்குன்னு தோணுச்சு. எழுதுனான். மரியான்னு எழுதல, அது பொய்யிக்கு வச்ச பேரு. பிள்ள வயித்துல இருக்கப்ப பிரிஜித்து ஒரு பேரு வச்சிருந்தா, செலஸ்டீனா, எங்கயோ கேட்ட பேரு, அவளுக்கு அதுல ஒரு கிறுக்கு. இவன் கேலி பண்ணுவான், "அம்மாடி, இம்புட்டு நீளத்துக்கு எந்தப் போட்டுல எடம் இருக்கு? ரீட்டான்னு வையி, அணியத்துல, போட்டு மூக்குல, அழகா நிக்கும். செலஸ்டீனாவ எழுதுனா செல மட்டும் போட்டுல நிக்கும், ஸ்டீனா கடல்லதான் நீந்தணும், எடம் பத்தாது"ன்னு. அவ கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாளு பேசல. அந்தப் பேரத்தான் எழுதுனான்.

டப். எட்டாவது வரிசையும் போயிட்டு இருக்கு. எப்ப ஏழு போச்சு? கஸ்பாரு எந்திரிச்சான். காலு தன்னால எந்திரிச்சுது. "எங்கவே?" "ஒண்ணுக்கு." சாமியாரு பூசை உடுப்பு மாத்துத அந்தச் சின்ன ரூமுக்குப் போற வழியில, சுவத்துல, மெயின் சுவிச்சு. அவன் பெயிண்டு அடிச்ச பொட்டிதான். கைய வச்சான். சூடா இருந்துச்சு. கீழ இழுத்தா திரை போயிரும், மேடத்தோட லேப்டாப்புல பேட்டரி இருக்கும், இருக்கட்டும், அவ பாத்துக்கிட்டுப் போட்டும், அவளுக்கு இது ஒரு படம், மெட்ராசு போயி எவனுக்கோ காட்டுவா, பிரிஜித்து மெட்ராசுக்கா போகப் போறா. ஆனா மேடம் காலையில இன்னொண்ணும் சொன்னாளே, பின்னால வந்தவங்க பூசுனது எதுனாலும் அடுத்த மாசம் வந்து சுரண்டி எடுத்துருவோம்னு. அப்ப நீலமும் போகும், வெள்ளையும் போகும். அதோட பென்சிலும். உப்பு செய்ய வேண்டிய வேலைய மேடம் செஞ்சிருவா. எங்க இருக்கு பிள்ள? வெளியயும் இல்ல, ஐஸ் கம்பெனி தின்னுட்டுது. உள்ளயும் இல்ல. அந்த மூலை ஒண்ணுதான் இருக்கு. இழு. இழு கஸ்பாரு. ஒரு இழுப்பு. கரெண்டு போறது கூடுமுனைக்குப் புதுசா, யாரும் கேக்க மாட்டாவ. டப். ஒம்பதாவது வரிசை. ஒண்ணு. டப். ரெண்டு. மூணு. மாதாவோட நீலம் திரையில கண்ணாடியாட்டம் காணாமப் போயி, அடியில அவன் போட்ட மக்கு வெள்ள வெளேர்னு தெரிய ஆரம்பிச்சிட்டுது. "இங்கருந்துதான் புதுசு"ன்னு மேடம் சொல்லுதது கேட்டுது. "யாரோ ரிப்பேர் பண்ணிருக்காங்க." கைக்குள்ள சுவிச்சு வழுக்குது. நாலு. இழு. அஞ்சாவது கட்டத்துல 'செல' வந்துச்சு.

அவன் இழுக்கல. ஏன் இழுக்கலன்னா, சொன்னா சிரிப்பியோ, எழுத்து நேரா நிக்கா கோணலான்னு பாக்கத் தோணிட்டுது. எழுதுன மறுநாளே மூடுனது, அவனே பாத்ததில்ல பெறவு. இருவத்திரெண்டு வருசத்துல அந்தப் பேர ஒரு ஆளு படிச்சதில்ல, ஒரு வாயி சொன்னதில்ல. ஆறாவது கட்டம், 'ஸ்டீ'. கொண்டை வச்ச சுழி, அவன் சுழிதான். கூட்டத்துல, "ஏ, இது நம்ம கஸ்பாரு எழுத்துல்லா!"ன்னு ஒரு சத்தம், ரெண்டு சத்தம், சிரிப்பு. "மாதா முதுகுலயும் போர்டு எழுதிட்டானா பாவி!" ஏழாவது. 'னா'. முழுசா நின்னுச்சு. நேரா, ஒரு நூல் கோணல் இல்லாம, அந்த மூலையில இருந்து இந்த மூல வரைக்கும். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல மிச்சமும் சேந்தே வந்துட்டுது. சுபின் பெருசாக்கிக் காட்டுனான், அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவன் என்ன கண்டான். ஒண்ணேகால் மணி நேரம் இருந்திச்சு. தண்ணி ஊத்தல. வெளிய கெடக்கு. நீ உள்ள வச்சுக்க. சிரிப்பு ஒரு பெஞ்சு ஒரு பெஞ்சா அணைஞ்சுது, மெழுகுவத்திய ஊதுத மாதிரி. தொம்மை உபதேசியாரு வாய அசச்சுப் படிச்சிட்டு, பாதியில நிறுத்தி, பொம்பளைய பக்கம் பாத்தாரு. எல்லாரும் பாத்தாவ. பிரிஜித்து எந்திரிச்சு நின்னா. மூட்டுவலிக்காரி, யாரும் தூக்கிவிடல, தானா நின்னா. திரைக்குக் கிட்டப் போனா. படிச்சா. மறுபடி மேலருந்து படிச்சா. திரையில அவ நெழலு விழுந்து எழுத்து அவ முதுகுல ஏறிச்சு. மேடத்துக்கு என்னமோ புரிஞ்சு, மெல்ல, "அம்மா, இது... ஏதாவது போட் பேரா?"ன்னா.

பிரிஜித்து ஆம்பள பெஞ்சையெல்லாம் தேடுனா, பெறவு சுவத்தோரம் சுவிச்சுல கைய வச்சிட்டு நிக்கவனப் பாத்தா. ஆளு நடக்குத பாதையத் தாண்டி நேரா வந்தா. அவனுக்கு நாலு சிரிப்புப் பேச்சு நாக்கு நுனியில வந்து நின்னுது, நாலையும் பல்லக் கடிச்சு முழுங்குனான், அதுதான் அவன் வாழ்க்கையில முழுங்குன மொத நாலு. "வெளியன்னா எங்க?"ன்னா. அவன் முழிச்சான். "எங்கன்னு கேக்கேன்ல. சொல்லு நீ." கட்டுன நாள்ல இருந்து நீங்கதான், மொத தடவையா நீன்னா. அவன் சுவிச்சுல இருந்து கைய எடுத்து, தெக்க, சத்தம் வார பக்கமாக் காட்டுனான். கடக் கடக் கடக். அவ அந்தச் சுவத்தயே பாத்துட்டு நின்னா. சுவத்துக்கு அங்கிட்டு பாக்குத கேமரா அவகிட்ட இருந்த மாதிரி பாத்தா. "அப்ப நான் இத்தன வருசம் யாருக்குக் கொளுத்துனேன்?"ன்னா. அவ திரும்பிப் போயி, மாதா படம் நின்ன எடத்துக்கு முன்னால தட்டுல இருந்து ரெண்டு மெழுகுவத்திய எடுத்தா. அப்பிடியே மேடத்தப் பாத்து, "அத சுரண்டப் பிடாது"ன்னா, சத்தம் போடாம, மீன் வெல சொல்லுத குரல்ல. மேடம் தலைய ஆட்டுனா, சரின்னா சரியில்லன்னா தெரியல, ரெக்ஸ் சாமியப் பாத்தா, சாமி தரையப் பாத்தாரு. பிரிஜித்து தெக்கு வாசலுக்கு நடந்தா. தோட்டத்துக் கேட்டு வடக்க இருக்கு, அங்க போறதுக்கு வடக்கு வாசலு. தெக்கு வாசல்ல தார்ப்பாய ஒதுக்குனப்ப நட்டநடு வெயிலு பொத்துனு உள்ள விழுந்து திரை மொத்தமும் வெளுத்துட்டுது, மாதாவும் போச்சு, மூணு கையும் போச்சு, பேரும் போச்சு. கஸ்பாரு பின்னாலயே போனான். நாலு எட்டு தள்ளி, கூப்ட்டா கேக்குத தூரத்துல. மிசின் சத்தம் பெருசா வந்துச்சு. வாசப்படியில அவ நின்னா, திரும்பல, வெயிலுக்குக் கைய நெத்தியில வச்சிக்கிட்டு ஐஸ் கம்பெனி போர்ட பாத்தா, அவன் எழுதுன போர்டு.

"அம்புட்டு நீளப் பேருக்கு எடம் பத்தாதுன்னு சொன்ன"ன்னா.

அவன் ஒரு எட்டு கிட்ட வந்தான்.

"பத்திருக்கே."